காற்றின் மேல் வந்த பழி: முகவாத நோயின் வரலாறு

தென்றல், வாடை, கொண்டல், கோடை எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அழைத்தவர் தமிழர். உடும்பஞ்சோலை மலைநாட்டில் குடியேறி வாழும் நமக்குக் காற்றின் இயல்பை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ராமக்கல்மேட்டிலும் சதுரங்கப்பாறையிலும் காற்றாலைகள் சுழல்வதை வெளியூரார் வந்து வியந்து நோக்குகின்றனர். நமக்கோ அக்காற்று அன்றாட உறவு. ஏலத்தோட்டத்தின் மரநிழலில் பணிபுரிவோரும், விடியற்காலையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பில் மலையேறி வருவோரும் அதன் கடுமையை மெய்யால் அறிந்தவர்கள். ஆதலின், உடம்பில் காரணம் விளங்காத கேடு ஒன்று தோன்றுமாயின், அதனைக் காற்றின் மேல் ஏற்றிச் சொல்வது நம்மிடையே எளிதில் வழக்கமாகிவிட்டது.

அவ்வாறு ஏற்றிச் சொல்லப்பட்ட கேடுகளுள் ஒன்று, குழந்தைகளுக்கு வரும் முகவாதம். சில நாள் சளியும் காய்ச்சலும் கண்டு தேறிய குழந்தை, ஒருநாள் காலையில் எழுந்து சிரிக்கிறது. வாய் ஒருபுறமாகக் கோணுகிறது. பால் குடித்தால் ஒரு கடைவாய் வழியே வழிகிறது. ஒரு கண் மூடுவதில்லை. "காற்று அடித்துவிட்டது" என்பார் ஒருவர். "பேய் அறைந்துவிட்டது" என்பார் மற்றொருவர். அடுத்த கணமே கேள்வி பெற்றவளை நோக்கித் திரும்பும். "பனியில் தூக்கிக்கொண்டு போனாயா? காதை மூடித் துணி கட்டினாயா?" நாட்கூலிக்குப் போகும் தாய் பனியில் போகாமல் எங்ஙனம் இருப்பாள்? நோயினால் வந்த துயரோடு பழியினால் வரும் துயரும் அவள் மேல் விழுகிறது.

இப்பழி நேரியதுதானா? இந்நோயைப் பற்றி மனிதர் அறிந்த வரலாறு யாது? அவ்வரலாறு நம் குழந்தைகளுக்குத் தரும் பயன் யாது? இம்மூன்றையும் முறையே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பழமையும்

முகவாதம் புதிதாய் வந்த நோயன்று. தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கடற்கரையில் முற்காலத்தில் வாழ்ந்த மோச்சே என்னும் மக்கள் வனைந்த மட்பாண்டங்களில், ஒருபக்கம் கோணிய முகங்கள் காணப்படுகின்றன. நம் நாட்டு ஆயுர்வேத நூலாகிய சரக சங்கிதை, எண்பது வகை வாத நோய்களைத் தொகுத்துரைத்து, அவற்றுள் 'அர்திதம்' என்னும் பெயரால் இதனைச் சேர்த்தது. தமிழ் மருத்துவர் முகவாதம் என்றனர்.

ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். வாதம் என்னும் சொல் காற்றைக் குறிப்பது உண்மையே. ஆயினும், வாதம், பித்தம், ஐயம் என்று பகுத்த பண்டை மருத்துவர், வாதம் என்றபோது மலைமுகட்டில் வீசும் காற்றை மட்டும் எண்ணினாரல்லர். உடம்பினுள் நின்று அசைவையும் இயக்கத்தையும் நடத்தும் ஆற்றலையே அப்பெயரால் சுட்டினர். முகத்தின் அசைவு கெட்ட நோயை வாத நோய்களுள் வைத்தது, 'இஃது இயக்கம் கெட்ட நோய்' என்று அவர் கண்ட கருத்தின் விளைவாகும். பின்வந்த பொதுமக்கள் அவ்வகக் காற்றைப் புறக்காற்றாக மாற்றிக்கொண்டனர்.

பாரசீகத்தில் ஏறத்தாழ 865 முதல் 925 வரை வாழ்ந்த அல்-ராசி என்னும் பெருமருத்துவர், இந்நோயை 'லக்வா' என்று கூறி விரிவாக எழுதினார். மூளையின் கேட்டால் வரும் முகக்கோணலையும், முகத்தளவில் நிற்கும் கோணலையும் பிரித்தறிய முயன்றது அவர்தம் சிறப்பு. அப்பெயர் யுனானி மருத்துவத்தின் வழியே இந்தியாவுக்கு வந்தது. வட இந்தியாவில் இன்றும் வாத நோயை லக்வா என்றே சொல்கின்றனர்.

ஐரோப்பியரும் நம்மைப் போலவே குளிரின் மேல் பழி போட்டவர்களே. 1798-இல் ஜெர்மானிய மருத்துவர் நிக்கோலஸ் பிரீட்ரிக் என்பார், முகவாதமுற்ற மூவரைப் பற்றி நுணுக்கமாக எழுதியபோது, மூட்டுவாதத்தோடு உறவுடைய நோயாகவே அதற்குப் பெயரிட்டார். 19-ஆம் நூற்றாண்டின் மருத்துவ நூல்கள் பலவும் 'குளிரால் வந்த முகவாதம்' என்றே இதனைக் குறித்தன. ஆகவே, காற்றின் மேல் பழி போட்டது நம் மலைமக்களின் அறியாமை மட்டும் அன்று. காரணம் காணாத இடத்தில் கண்ணுக்கு எதிரே நின்றதைக் காரணமாகக் கொள்வது மனித இயல்பு.

நரம்பு தெரிந்த கதை

1774-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்த சார்லஸ் பெல், அறுவை மருத்துவர், ஓவியத்திலும் வல்லவர். மனித முகம் மகிழ்ச்சியையும் சினத்தையும் துயரையும் எத்தசைகளால் காட்டுகிறது என்பதை ஓவியர்க்கு விளக்கி, 1806-இல் ஒரு நூல் இயற்றினார். 1815-இல் வாட்டர்லூப் போர் முடிந்ததும், புருசெல்ஸ் நகருக்கு விரைந்து சென்று காயமுற்ற வீரர்க்கு மருத்துவம் செய்தார். முகத்தை ஓவியராகவும் மருத்துவராகவும் நோக்கிய அவருடைய கண்களுக்கு, பிறர் காணாத ஒன்று புலப்பட்டது.

முகத்திற்கு இருவகை நரம்புகள் செல்கின்றன. மூளையிலிருந்து புறப்படும் நரம்புகளின் வரிசையில் ஒன்று ஐந்தாவது, மற்றொன்று ஏழாவது. இவ்விரண்டின் தொழிலும் அந்நாளில் தெளிவாக வேறுபடுத்தப்படவில்லை. அதனால் நேர்ந்த கொடுமை பெரிது. முகத்தில் தாங்கொணா வலியால் துடித்தவர்க்கு, அறுவை மருத்துவர் சிலர் ஏழாவது நரம்பை அறுத்தனர். வலி நின்றபாடில்லை, முகமோ செயலற்றுப் போயிற்று.

பெல் ஒரு கழுதையின் ஏழாவது நரம்பை அறுத்து ஆராய்ந்தார். அப்பக்கத்து முகத்தசைகள் அசைவிழந்தன, தொடுவுணர்ச்சியோ அழியவில்லை. இவ்வாராய்ச்சியை 1821-இல் லண்டன் ராயல் சங்கத்தின் முன் வைத்தார். ஏழாவது நரம்பை மூச்சுத் தொழிலோடு பிணைத்து அவர் கூறிய பகுதி பின்னர் நிலைபெறவில்லை. 1822-இல் ஹெர்பர்ட் மேயோ என்பார், ஐந்தாவது உணர்ச்சிக்கும் ஏழாவது அசைவுக்கும் உரியன என்பதை மேலும் தெளிவாக்கினார். எனினும் வழி திறந்தவர் பெல். அதனாலேயே, வேறு காரணம் புலப்படாமல் திடீரென வரும் முகவாதத்திற்குப் 'பெல் வாதம்' என்ற பெயர் உலகெங்கும் நிலைத்தது.

இக்கண்டுபிடிப்பினால் நம் பேச்சு வழக்கிலுள்ள ஒரு பிழையும் வெளிப்பட்டது. 'வாயை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது' என்கிறோம். இழுபட்ட பக்கத்தையே நோயுற்ற பக்கமென எண்ணி எண்ணெய் தேய்க்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. இழுக்கும் பக்கமே நலமாக இருக்கிறது. எதிர்த்து இழுக்க வலியற்ற பக்கமே நோயுற்றது. கயிறு இழுக்கும் போட்டியில் ஓர் அணி தளர்ந்தால் கயிறு எதிரணியின் பக்கம் போவதன்றோ? அதனை ஒப்பதே இதுவும். சுருக்கமின்றி, கண் மூடாமல், அமைதியாகத் தோன்றும் பக்கத்திலேதான் நோய் இருக்கிறது.

எலும்பினுள் ஒரு குறுகிய வழி

ஏழாவது நரம்பு மட்டும் இத்துணை எளிதில் வீழ்வானேன்? விடை அதன் வழியில் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து புறப்பட்ட அந்நரம்பு, காதைச் சூழ்ந்த எலும்பினுள் புகுந்து, ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள குகைவழி ஒன்றைக் கடந்தே முகத்தை அடைகிறது. இவ்வழியை 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் கபிரியேல் பலோப்பியோ எடுத்துக் காட்டினார். அவர் பெயராலேயே அவ்வழி பன்னாள் வழங்கப்பட்டது.

அவ்வழி மிக ஒடுங்கிய இடத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமும் இல்லை. வேறிடத்தில் ஒரு நரம்பு வீங்கினால், சூழ்ந்துள்ள மென்மையான தசை இடங்கொடுக்கும். எலும்பு இடங்கொடாது. போடிமெட்டுச் சாலையின் வளைவில் ஒரு சுமையுந்து குறுக்கே நின்றால் மேலும் கீழும் வண்டிகள் அசையாமல் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே, நரம்பு சிறிதே வீங்கினும் தன் வீக்கத்தால் தானே நெரிபடுகிறது. குருதியோட்டம் குறைகிறது. மூளையின் கட்டளை முகத்தை எட்டுவதில்லை.

அந்நரம்பு முகத்தசைகளை மட்டும் ஆள்வதன்று. நாவின் முன்பகுதிச் சுவையும், கண்ணீர் சுரத்தலும், காதினுள் மிகைஒலியைத் தணிக்கும் ஒரு சிறு தசையும் அதனோடு தொடர்புடையன. ஆகையால்தான் முகவாதமுற்ற குழந்தைகளுள் சிலர், 'சாப்பாடு சப்பென்று இருக்கிறது' என்றும், 'சத்தம் காதைக் குத்துகிறது' என்றும் கூறுவர். அதனைப் பிடிவாதம் எனத் தள்ளிவிடுதல் தகாது.

கிருமி தெரிந்த கதை

நரம்பு வீங்குகிறது என்றால், வீங்கச் செய்வது எது? இவ்வினாவிற்கு விடை தேடுவதில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தது.

முதல் தடயம் அக்கி என்னும் நோயில் கிடைத்தது. 1907-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் ராம்சே ஹன்ட், காதில் அக்கிக் கொப்புளமும் அதே பக்கத்தில் முகவாதமும் சேர்ந்து வரும் நோயாளிகளை ஆராய்ந்து எழுதினார். அக்கி எதனால் வருகிறது என்பது பின்னர் விளங்கிற்று. குழந்தைப் பருவத்தில் சின்னம்மை விளைத்த வைரஸ் என்னும் நுண்கிருமி, அம்மை இறங்கியபின் உடம்பை விட்டு நீங்குவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கி உறங்குகிறது. பல ஆண்டுகள் கழித்து உடல் தளர்ந்த வேளையில் விழித்து, அந்நரம்பின் வழியே வெளிப்படுகிறது. முகநரம்பின் முடிச்சில் உறங்கியது விழித்தால் காதிலே கொப்புளமும் முகத்திலே வாதமும் தோன்றுகின்றன.

கொப்புளம் ஏதுமில்லாத முகவாதத்திற்குக் காரணம் யாது? காய்ச்சலின்போது உதட்டோரத்தில் கொப்புளம் எழுப்பும் எளிய அக்கி வைரஸ் ஒன்று உண்டு. அதுவும் நரம்பு முடிச்சுகளில் உறங்கும் இயல்பினது. அதுவே காரணமாகலாம் என்று 1972-இல் மெக்கார்மிக் என்பார் கருத்துரைத்தார். மெய்ப்பிக்கப் போதிய கருவிகள் அன்று இல்லை. 1996-இல் ஜப்பானைச் சேர்ந்த முரகாமி என்பாரும் அவர்தம் குழுவினரும், கடுமையான முகவாதத்திற்காக அறுவை செய்யப்பட்ட 14 பேரின் நரம்பு நீரை ஆராய்ந்தனர். அவர்களுள் 11 பேரிடம் அவ்வைரஸின் மரபுப்பொருள் காணப்பட்டது. பெல் வாதத்திற்கு வைரஸே முதன்மைக் காரணம் என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது. பெல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டதற்கும் இதற்கும் இடையே கழிந்த காலம் 175 ஆண்டுகள்!

குழந்தைகளிடத்தில் வேறு பல கிருமிகளும் இவ்வேலையைச் செய்யவல்லன. சின்னம்மை, பொன்னுக்குவீங்கி, குடல்வழிப் பரவும் வைரஸ்கள் ஆகியவற்றிற்குப் பின்னரும் முகவாதம் வருதலுண்டு. 2024-இல் கேரளத்தில் பொன்னுக்குவீங்கி ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தாக்கியதை நாம் அறிவோம். காதில் சீழ்பிடித்து அவ்வழியே முகநரம்பு கெடுவதும் குழந்தைகளிடத்தில் உண்டு.

அங்ஙனமாயின் குளிர்காற்றுக்குப் பங்கே இல்லையா? உறங்கும் கிருமியை எழுப்பும் தூண்டல்களுள் குளிரும் ஒன்றாகலாம் எனக் கருதுவோர் உண்டு. அஃது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டதன்று. ஆனால் காற்று மட்டுமே நரம்பை வீழ்த்துமாயின், ராமக்கல்மேட்டைச் சூழ்ந்து வாழும் குழந்தைகளுள் ஒருவர் முகமேனும் நேராக இருத்தல் இயலுமா? வெயில் கொளுத்தும் சமவெளி ஊர்களில் இந்நோய் தோன்றுதல்தான் கூடுமா? இரண்டிடத்தும் நோய் வருகிறது. இரண்டிடத்தும் பெரும்பாலோர்க்கு வருவதில்லை. இவ்வொன்றே தாயின் மேல் போட்ட பழி தவறென்பதைக் காட்டப் போதும்.

இளம்பிள்ளை வாதம் தந்த பாடம்

வாதம் என்ற பெயரைத் தாங்கிய மற்றொரு நோயும் வைரஸினால் வந்ததே. இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோவை நம் முதியோர் மறந்திருக்கமாட்டார். அதற்குக் காரணமான கிருமியை 1908-இல் வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னரும் எர்வின் பாப்பரும் உணர்த்தினர். 1955-இல் ஜோனாஸ் சால்க் கண்ட தடுப்பூசி பயனுடையது என்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஆல்பர்ட் சேபின் கண்ட வாய்வழிச் சொட்டுமருந்து வந்தது.

போலியோ கால்களை மட்டும் தாக்கும் நோய் என்றே பலர் எண்ணுவர். மூளையின் அடிப்பகுதியை அது தாக்கும்போது முகமும் தளரும். சில குழந்தைகளுக்கு முகத்தளர்ச்சி ஒன்றே குறியாக நிற்பதும் உண்டு. ஆதலால், போலியோ பரவியிருந்த நாளில் வாய் கோணிய குழந்தையைக் கண்ட மருத்துவர், கை கால்களையும் சோதிக்காமல் விடமாட்டார்.

1995-இல் இந்திய அரசு நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டுமருந்து வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. 1997 முதல், 15 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திடீர்த் தளர்வாதம் எங்குக் கண்டாலும் உடனே அறிவித்து, 24 மணிநேர இடைவெளியில் இருமுறை மலம் எடுத்துச் சோதிக்கும் கண்காணிப்பு முறை நிறுவப்பட்டது. கேரளத்தின் இறுதிப் போலியோ நோயாளி 2000-இலும், தமிழ்நாட்டின் இறுதி நோயாளி 2004-இலும் காணப்பட்டனர். நாட்டில் 2009-இல் 741 ஆக இருந்த எண்ணிக்கை, 2010-இல் 42 ஆயிற்று, 2011-இல் ஒன்றாயிற்று. மேற்கு வங்கத்து ஹௌராவில் 2011 ஜனவரி 13-இல் நோயுற்ற குழந்தையே இறுதி. 2014 மார்ச் 27-இல் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியா போலியோவற்ற நாடு எனச் சான்றளித்தது.

நம்மைப் போன்ற எல்லைப்புற மக்களுக்கு இதில் ஒரு தனிப்பாடம் உண்டு. 1956 நவம்பர் முதல்நாள் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது, நம் உறவினர் ஒருபாலும் நம் வாழ்வு ஒருபாலுமாகப் பிரிந்தன. ஆறு மாதம் மலைமேலும் ஆறு மாதம் ஊரிலுமாக வாழும் குடும்பத்துக் குழந்தை, இருபுறத்துக் கணக்கிலும் சேராது விடுபடுதல் எளிது. ஆனால் வைரஸுக்கு எல்லைச்சாவடி கிடையாது. சொட்டுமருந்து தருபவரும் குழந்தையின் மாநிலத்தைக் கேட்பதில்லை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அக்கிருமி இன்னும் ஒழியவில்லை. ஆகவே, குழந்தையின் தடுப்பூசி அட்டையை எப்போதும் உடன் வைத்துக்கொள்ளுதலும், முறைநாள் தவறாமல் மருந்து கொடுத்தலும், சுகாதாரப் பணியாளர் சோதனைக்கு வந்தால் மறுக்காதிருத்தலும் நம் கடமையாகும்.

மருத்துவமனை அண்மையில் வந்த கதை

அறிவு வளர்ந்தால் மட்டும் போதுமா? அது மலைமேல் வந்து சேர்தல் வேண்டுமன்றோ? தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்துதரல் வேண்டும் என்று விதித்த தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் இயற்றப்பட்டது. அதன் இலக்கணத்தில் தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா ஆகியவற்றோடு ஏலம் சேர்க்கப்பட்டது 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான்.

பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமாயின், முற்காலத்தில் மலையிறங்கி நெடுந்தொலைவு செல்லுதல் வேண்டும். மதுரை மருத்துவக் கல்லூரி 1954-இலும், கோட்டயம் மருத்துவக் கல்லூரி 1962-இலும் தோன்றின. 1972-இல் இடுக்கி தனி மாவட்டமாயிற்று. தேனியில் அரசு மருத்துவக் கல்லூரி 2004-இலும், இடுக்கியில் 2014-இலும் தொடங்கப்பட்டன. நெடுங்கண்டத்தில் வட்ட மருத்துவமனை உள்ளது. வழி குறைந்தது, வழக்கமோ முற்றும் மாறவில்லை. மந்திரித்தலும், புறாவின் குருதியைப் பூசுதலும், சூடு போடுதலுமாகச் சில நாள் கழிந்தபின் மருத்துவரை நாடுவோர் இன்றும் உளர். மென்மையாக முகத்தை வருடுவதால் தீங்கில்லை. சூடு போடுவதால் தழும்பும், காலம் போக்குவதால் கேடும் உறுதி.

மருந்தின் உண்மை நிலை

மருந்தைப் பற்றி வரலாறு கூறுவதையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். 2007-இல் ஸ்காட்லாந்தில் 551 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று வெளியாயிற்று. நோய் கண்ட 72 மணிநேரத்திற்குள் பிரெட்னிசோலோன் என்னும் வீக்கம் தணிக்கும் மருந்தைத் தொடங்கியவர்களுள், ஒன்பதாம் மாதத்தில் நூற்றுக்கு 94 பேர் முழுநலம் பெற்றனர். அம்மருந்து பெறாதவர்களுள் நூற்றுக்கு 82 பேரே பெற்றனர். வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்தால் தனிப்பயன் காணப்படவில்லை. அவ்வாய்வில் சேர்ந்தவர்கள் வயது வந்தவர்கள்.

குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2022-இல் வெளியாயிற்று. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 11 மருத்துவமனைகளில் 187 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு மாத முடிவில், பிரெட்னிசோலோன் பெற்றோருள் நூற்றுக்கு 49 பேரும், வெறும் போலிமருந்து பெற்றோருள் 57 பேரும் முழுநலம் அடைந்திருந்தனர். ஆறு மாத முடிவில் முன்னவருள் 99 பேரும், பின்னவருள் 93 பேரும் நலம் பெற்றனர். விரைவில் குணமாக்கும் வலிமை அம்மருந்துக்கு உண்டென்று இவ்வாய்வு நிறுவவில்லை. ஆனால் அதனினும் பெரிய நற்செய்தி ஒன்றைத் தந்தது: மருந்து பெற்றாலும் பெறாவிட்டாலும் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் ஆறு மாதத்திற்குள் முழுநலம் பெறுகின்றனர். மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் குழந்தையைக் கண்டு முடிவு செய்வார். அம்முடிவுக்கு இடமிருக்க வேண்டுமாயின், மூன்று நாளுக்குள் அவரிடம் செல்லுதல் வேண்டும்.

பெற்றோர் அறிந்து ஒழுக வேண்டுவன

முதலாவது, நெற்றியை நோக்குக. குழந்தையைப் புருவம் உயர்த்தச் சொன்னால், முகநரம்பு தளர்ந்த பக்கத்தில் நெற்றி சுருங்காது. வாய் மட்டும் கோணி, நெற்றி இருபுறமும் நன்கு சுருங்குமாயின், கேடு மூளையில் இருத்தல் கூடும். நெற்றிக்கு மூளையின் இருபாதியிலிருந்தும் கட்டளை வருவதே இவ்வேற்றுமைக்குக் காரணம். அப்போது ஒரு நாழிகையும் தாழ்த்தாமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

இரண்டாவது, கை கால்களை நோக்குக. நடை தள்ளாடினாலும், கை தளர்ந்தாலும், விழுங்க இடர்ப்பட்டாலும், கடுந்தலைவலியோ மயக்கமோ இருந்தாலும், இஃது எளிய முகவாதம் அன்று.

மூன்றாவது, காதை நோக்குக. சீழ், கொப்புளம், காதின் பின் வீக்கம் ஆகியவற்றை மருத்துவரிடம் தவறாது சொல்லுக. மிகை இரத்த அழுத்தமும் இரத்தப் புற்றும் அரிதாகக் குழந்தைகளிடத்தில் முகவாதமாக வெளிப்படுதலுண்டு. ஆதலால், 'தானாகவே சரியாகிவிடும்' என்று நாமே முடிவு கட்டாமல், ஒருமுறையேனும் மருத்துவர் சோதித்தல் இன்றியமையாதது.

நான்காவது, எல்லாவற்றினும் தலையாயது, கண்ணைக் காத்தல். மூடாத கண் உலரும். தூசி படும், கருவிழி புண்படும், பார்வையும் கெடலாம். முகம் ஆறு மாதத்தில் மீளும். கெட்ட கருவிழி அவ்வளவு எளிதில் மீளாது. மருத்துவர் தரும் கண் சொட்டுமருந்தைப் பகலில் பலமுறை இடுதலும், இரவில் களிம்பிட்டு அவர் காட்டும் முறைப்படி இமையை ஒட்டி மூடுதலும், வெளியே செல்லும்போது கண்ணாடி அணிவித்தலும் வேண்டும்.

இவ்விடத்தில் காற்றைப் பற்றிய வழக்கு ஒரு புதிய தீர்ப்பை அடைகிறது. நோயை விளைத்த குற்றத்தினின்று காற்று விடுதலை பெறுகிறது. ஆனால் திறந்து கிடக்கும் கண்ணை உலர்த்தும் குற்றத்தில் அது மெய்யாகவே பங்குடையது. பாட்டியர் குழந்தையின் தலைமேல் சுற்றிய துணியை நாம் நகையாட வேண்டுவதில்லை. அத்துணி நோயைத் தடுத்திராது. நோய் வந்தபின் கண்ணைக் காக்க அதுவும் உதவும்.

ஐந்தாவது, குழந்தையின் மனத்தைக் காத்தல். பள்ளியில் 'கோணவாயன்' என்று ஒருமுறை எழுந்த பட்டப்பெயர், முகம் நேரான பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். பெண்குழந்தையாயின், அவள் எதிரிலேயே வருங்காலத் திருமணத்தைப் பற்றிக் கவலை பேசுவோரும் நம்மிடையே உளர். சிரித்தால் கோணல் தெரியும் என்றஞ்சிச் சிரிப்பையே விட்டுவிட்ட குழந்தைக்கு, நோய் தீர்ந்தாலும் சிரிப்பு திரும்புவது அரிதாகும். ஆசிரியரிடம் பெற்றோர் முன்னரே சொல்லிவைப்பின், வகுப்பில் ஒரு சொல்லால் இத்துயர் தவிர்க்கப்படும்.

முடிவுரை

ஒரு நோயின் வரலாறு என்பது பெரும்பாலும் பழி இடம்மாறிய வரலாறே. பேயின் மேலும், காற்றின் மேலும், தாயின் மேலும் போடப்பட்ட பழி, நரம்பின் வழியே சென்று இறுதியில் கண்ணுக்குத் தெரியாத கிருமியைச் சென்றடைந்திருக்கிறது. அங்கேயும் ஆராய்ச்சி முற்றுப்பெறவில்லை. ஆயினும் ஒன்று தெளிவாயிற்று. பனியில் குழந்தையைத் தோளிலிட்டு நடந்த எந்தத் தாயும் தன் குழந்தையின் முகத்தைக் கோணச் செய்தவள் அல்லள்.

நம் குடியிருப்பில் இனி ஒரு குழந்தைக்கு இந்நோய் வருமாயின், பெற்றவளிடம் "பனியில் போனாயா?" என்று கேட்பதை நாம் விடுவோம். "கண்ணை மூடிக் கட்டினாயா? மருத்துவரிடம் எப்போது புறப்படுகிறாய்? நான் உடன் வரட்டுமா?" என்று கேட்போம். சங்கமாகக் கூடி வாழ்வதன் பயன் இதனினும் வேறு யாது?

மலைமேல் வாழும் தமிழ்க் குழந்தைகளின் சிரிப்பு குன்றாது வளர்க!